இரவல் போனில் மனசைப் படிக்கும் வித்தை: தப்பான விடை வந்தால் எங்கே பார்ப்பது

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம் இந்த வித்தைக்கு நல்ல நேரம். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொஞ்சம் கேட்கிறோம், கால்குலேட்டரைத் திறக்கச் சொல்கிறோம், ஒரு எண்ணை மனசில் நினைக்கச் சொல்கிறோம். நாலைந்து கணக்கு. அப்புறம் முகத்தைப் பார்த்து விடையைச் சொல்கிறோம். சரியாக வந்தால் அந்த வரிசையே திரும்பிப் பார்க்கும். தப்பினால், "இல்லையே தம்பி, எனக்கு வேற வந்திருக்கே" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் கேட்ட பிறகு என்ன செய்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தப்பான விடை வந்ததும் "அழிச்சிட்டு மறுபடி போடுங்க" என்று பதறாதீர்கள். திரையில் நிற்கும் அந்த எண்ணிலேயே எந்தப் படியில் வழுக்கியது என்பது தெரியும். 198 வந்தால் ஒரு காரணம், பூஜ்ஜியம் வந்தால் வேறு காரணம், புள்ளி வைத்து நீண்டுகொண்டே போனால் இன்னொரு காரணம். இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் பல நேரம் அங்கேயே, அதே மூச்சில், வித்தையைக் காப்பாற்றிவிடலாம். அதனால்தான் வித்தையின் பெயரைச் சொல்லிப் பிரிக்காமல், என்ன வந்து நின்றது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

இங்கே வருபவை எல்லாம் கணக்கை நம்பியவை. ஆப் எதையும் ஏற்ற வேண்டாம், இணையமும் வேண்டாம். போன் அவருடையது, விரலும் அவருடையது என்பதுதான் நம் பலம். கருவி புதிதே தவிர வித்தை பழையது. "ஒரு எண்ணை நினைச்சுக்கோ, அதே அளவு மாமாகிட்ட கடன் வாங்கு, நான் பத்து ரூபா தர்றேன், மொத்தத்துல பாதிய உண்டியல்ல போடு, மாமா கடனத் திருப்பிக் குடு, உன் கையில அஞ்சு ரூபா" என்று சின்ன வயதில் ஏமாந்திருப்போம், ஏமாற்றியும் இருப்போம். அதன் பெரிய அண்ணன்கள்தான் இவை.

1089 வர வேண்டிய இடத்தில் 198 நிற்கிறது

மூன்று இலக்க எண் ஒன்றை நினைக்கச் சொல்கிறோம். அதைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையைத் திருப்பி அதோடு கூட்ட வேண்டும். 1089 வரும். 732 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 732 கழித்தல் 237, 495. 495 கூட்டல் 594, 1089. முன்பே தாளில் எழுதி மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்திருப்போம்.

198 வந்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் எடுத்த எண்ணில் முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் ஒன்றுதான் வித்தியாசம். 564 எடுத்திருந்தால் 564 கழித்தல் 465, 99. அது உண்மையில் 099. ஆனால் எந்தக் கால்குலேட்டரும் முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தைக் காட்டாது. அவர் 99-ஐத் திருப்பி 99 என்றே எடுத்து, கூட்டி, 198-இல் நிற்கிறார். அவர் மேல் தப்பில்லை, கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் திருப்பினார்.

மீட்பது சுலபம். "நடுவுல 99 வந்துச்சா? நாம ஆரம்பிச்சது மூணு இலக்கம், இதையும் மூணு இலக்கமா வச்சுக்குவோம். முன்னாடி ஒரு பூஜ்ஜியம் போட்டுத் திருப்புங்க" என்று சொன்னால் 990 ஆகும், கூட்டினால் 1089. நடுவில் 99 வந்ததை நாம் சொன்னதே ஒரு சின்ன வித்தையாகிவிடும். அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பூஜ்ஜியம் வந்தால் 747 போல முதலும் கடைசியும் ஒரே இலக்கம். வேறு எண் எடுக்கச் சொல்வதைத் தவிர வழியில்லை. வாய்க்கு வந்தபடி ஒரு எண் வந்தால், நடுவில் ஒரு கழித்தல் குறி ஒளிந்திருக்கும். 137-ஐ அடித்து அதிலிருந்து 731-ஐக் கழித்தால் திரையில் −594. அப்படியே 495-ஐக் கூட்டினால் −99. "கழித்தல் குறி வந்தா அதைக் கண்டுக்காதீங்க, எண்ணை மட்டும் புதுசா அடிங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வித்தையை இப்போது நான் கடைசி வரை கொண்டுபோவதே இல்லை. 1089 கொஞ்சம் ஊர் அறிந்த எண்ணாகிவிட்டது. கழித்த விடையோடு நிறுத்தி, "அந்த விடையோட முதல் இலக்கத்தை மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறேன். கழித்த விடை எப்போதும் 99-இன் மடங்கு. நடுவில் 9, முதலும் கடைசியும் கூட்டினால் 9. அவர் 5 என்றால் 594. 2 என்றால் 297. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், 99 வந்து நின்ற தொல்லையும் இங்கே தானாகத் தீர்கிறது. மூன்று இலக்க விடைகள் 198-இல் தொடங்கி 891-இல் முடிகின்றன, 9-இல் தொடங்குவது எதுவும் இல்லை. ஆகவே அவர் "ஒன்பது" என்று சொன்னால், "உங்ககிட்ட இருக்கறது ரெண்டே இலக்கம், 99" என்று தைரியமாகச் சொல்லலாம்.

6174-க்குப் போக வேண்டியது பூஜ்ஜியத்தில் முடிந்தது

இதுவும் அதே நோய்தான். மகாராஷ்டிராவில் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் கண்டுபிடித்த எண் 6174. நான்கு இலக்கங்கள், எல்லாம் ஒன்றாக இருக்கக் கூடாது. இறங்கு வரிசையில் ஒரு முறை, ஏறு வரிசையில் ஒரு முறை எழுதிக் கழிக்க வேண்டும். விடையை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். அதிகம் போனால் ஏழு கழித்தலில் 6174.

2111 எடுத்தவர் 2111-இலிருந்து 1112-ஐக் கழித்து 999 என்று பார்ப்பார். அடுத்து 999 கழித்தல் 999, பூஜ்ஜியம், முடிந்தது. அதை 0999 என்று எடுத்திருந்தால் 9990 கழித்தல் 999, 8991. பிறகு 8082, 8532, 6174. இந்தக் கணக்கில் விடை மூன்று இலக்கமாகச் சுருங்குவது 999-இல் மட்டும்தான், வேறு எங்கேயும் இல்லை. ஆகவே "எங்கயாவது 999 வந்தா முன்னாடி ஒரு பூஜ்ஜியம்" என்ற ஒரு வாக்கியம் போதும். மண்டபத்துக்கு இது சரிப்படாது, ஏழு கழித்தல் வரை பெரியவர்கள் பொறுக்க மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் செய்யுங்கள், அவர்கள் விடவே மாட்டார்கள்.

பிறந்த நாள் கேட்டால் 124 என்கிறார்

என் சித்தி மகன் ரிசப்ஷனில் நடந்தது. பெரியப்பா தன் போனைக் கொடுத்தார். எழுத்து பெரிதாகத் தெரிய வைத்திருந்த போன், ஒரு எண் அடித்தாலே திரையின் பாதி நிறைந்துவிடும். நான் சொல்லச் சொல்ல அவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். பிறந்த மாதத்தை 5-ஆல் பெருக்குங்க. 6 கூட்டுங்க. 4-ஆல் பெருக்குங்க. 9 கூட்டுங்க. 5-ஆல் பெருக்குங்க. பிறந்த தேதியைக் கூட்டுங்க. "என்ன வருது பெரியப்பா?" "நூத்தி இருபத்தி நாலு."

வந்த எண்ணில் 165-ஐக் கழித்தால் மாதமும் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகஸ்ட் 15 என்றால் 980 வர வேண்டும், கழித்தால் 815. எனக்கோ −41 வந்தது. சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள்.

போனை எட்டிப் பார்த்தபோது புரிந்தது. அவர் சமக்குறியை ஒரு முறைதான், கடைசியில்தான் அழுத்தியிருக்கிறார். திரையில் 5×8+6×4+9×5+15 என்று முழுக் கணக்கும் வரிசையாக நின்றது. போனில் உள்ள கால்குலேட்டர் பள்ளியில் படித்த விதிப்படி பெருக்கலை முதலில் முடிக்கும், அப்புறம்தான் கூட்டும். 40, 24, 45, 15, மொத்தம் 124. கடையில் மேசை மேல் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் அப்படியில்லை, அடிக்க அடிக்க அந்தந்த இடத்திலேயே முடித்துக்கொண்டு போகும். அதில் இதே பொத்தான்களை இதே வரிசையில் அழுத்தினால் 980 வரும். இந்த வித்தையைக் கடைக் கால்குலேட்டரில் பழகிவிட்டுப் போனுக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரு நாள் இங்கே விழுவார்கள்.

மருந்து: ஒவ்வொரு படிக்கும் சமக்குறி. அதைத் தனிக் கட்டளையாகச் சொன்னால் கணக்கு வகுப்பு மாதிரி ஆகிவிடும். "6 கூட்டுங்க, என்ன வருதுன்னு பாத்துக்கோங்க, எனக்குச் சொல்லாதீங்க" என்று சொல்லுங்கள். என்ன வருகிறது என்று பார்க்க அவர் தானாகவே சமக்குறியை அழுத்துவார். விடை தெரியாமல் ஒளித்து வைப்பதும் வித்தைக்கு அழகு சேர்க்கிறது.

எந்த எண் வந்தால் எந்தத் தப்பு என்பதற்கு எல்லை வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 1-க்கு 266, டிசம்பர் 31-க்கு 1396. சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். 160-ஐத் தாண்டாமல் நின்றால் சமக்குறித் தப்பு, சந்தேகமே வேண்டாம். அந்த நிலையிலும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. வந்ததில் 69-ஐக் கழித்தால் மாதத்தின் ஐந்து மடங்கும் தேதியும் கூட்டிய தொகை கிடைக்கும். பெரியப்பாவுக்கு 55. மே 30, ஜூன் 25, ஜூலை 20, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 10, அக்டோபர் 5 என்று ஆறு நாட்கள்தான் அதற்குப் பொருந்தும். "தேசத்துக்கே லீவு விடற நாள்ல பொறந்திருக்கீங்களே பெரியப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறில் ஒன்று அப்படிப்பட்ட நாளாக அமைந்தது அன்றைக்கு என் அதிர்ஷ்டம். உங்களுக்கு அமையாவிட்டால் மறுபடி தொடங்குவதே மேல்.

1396-க்கு மேலே போனால் மாதமும் தேதியும் இடம் மாறியிருக்கும். நம் ஊரில் தேதியை முன்னால் எழுதியே பழக்கம், மாதத்தைக் கேட்டாலும் விரல் தேதியைத்தான் முதலில் அடிக்கும். ஆகஸ்ட் 15 அப்படி மாறினால் 1673 வரும், 165 போக 1508. பார்த்ததும் தெரிந்துவிடும். தேதி 12-க்குள் இருந்தால்தான் சிக்கல். ஆகஸ்ட் 5-ஐ நீங்கள் மே 8 என்று சொல்லிவிடுவீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால், ஒரு விநாடி கூடக் காத்திராமல் திருப்பிச் சொல்லுங்கள்.

கழித்த பிறகு கடைசி இரண்டு இலக்கம் 31-ஐத் தாண்டினால் நடுவில் ஒரு கூட்டல் விட்டுப்போயிருக்கிறது. 6-ஐ விட்டிருந்தால் விடை 120 குறையும், 9-ஐ விட்டிருந்தால் 45 குறையும். 695 வந்ததா? 120-ஐக் கூட்டினால் 815, நல்ல தேதி. 45-ஐக் கூட்டினால் 740, அப்படி ஒரு தேதி கிடையாது. ஆக விட்டது 6. மனசுக்குள் இரண்டையும் போட்டுப் பார்த்து எது தேதியாக நிற்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

165-ஐக் கழிப்பதை அவர் போனில் செய்யவிடாதீர்கள். அவர் கண் முன்னாலேயே 815 என்று வந்து நின்றால், "அட, இது என் பிறந்த நாள்தானே" என்று அவரே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் நாம் எதைப் படிக்க?

கணக்கு எல்லாம் சரி, ஆனாலும் அவர் இல்லை என்கிறாரா? வயதானவர் என்றால் எந்தப் பிறந்த நாளை நினைத்தார் என்று கேளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதி ஒன்று, வீட்டில் கொண்டாடும் நாள் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். சிலருக்கு மாதமும் நட்சத்திரமும்தான் நினைவில் இருக்கும், ஆங்கிலத் தேதி இருக்காது. "ஆதார் கார்டுல இருக்கற தேதியே போதும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மறைத்த இலக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்

இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த வித்தை. மேசையைச் சுற்றிப் போன் போகிறது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒற்றை இலக்கத்தால் பெருக்கி அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் திரையில் உள்ள பெரிய எண்ணில் ஒரு இலக்கத்தை மட்டும் மறைத்துக்கொண்டு மற்றதை வரிசை மாற்றிப் படிக்கிறார். அந்த மறைத்த இலக்கத்தை நாம் சொல்கிறோம்.

உள்ளே இருப்பது ஒன்பதின் குணம். ஒன்பதின் மடங்கு எதுவானாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கே வரும். அவர் படித்ததைக் கூட்டுங்கள், அடுத்த ஒன்பதின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் மறைத்தது.

தப்பினால் பெரும்பாலும் அந்த எண் ஒன்பதின் மடங்காக இல்லை. யாரோ ஒருவர் 9-ஆல் பெருக்கியிருக்க வேண்டும், அல்லது இரண்டு பேராவது 3 அல்லது 6-ஐ எடுத்திருக்க வேண்டும். எல்லோரும் 2 முதல் 9 வரை சம வாய்ப்போடு எடுப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், ஐந்து பேருக்குப் பிறகு அப்படி அமைய வாய்ப்பு சுமார் 71 சதவீதம். எட்டுப் பேர் என்றால் 90, பத்துப் பேர் என்றால் 95. நாலைந்து பேர் உள்ள மேசையில் இதைச் செய்தால் மூன்று தடவைக்கு ஒரு தடவை மானம் போகும். பெரிய குடும்பமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஆள் குறைவாக இருந்தால் எண்ணை முதலிலேயே ஒன்பதின் மடங்காக்கிவிடுங்கள். நான் வண்டி நம்பரைக் கேட்கிறேன். வாசலில் நிற்கும் வண்டியின் நாலு இலக்க எண், யாரும் மறைக்கிற விஷயமில்லை. 4735 என்றால், அந்த நாலு இலக்கத்தையும் கூட்டி, 19, அதை எண்ணிலிருந்து கழிக்கச் சொல்கிறேன். 4716. எந்த எண்ணிலும் அதன் இலக்கங்களின் கூட்டுத் தொகையைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்பதின் மடங்குதான். இனி எதால் பெருக்கினாலும் கவலையில்லை. 83-ஆல் பெருக்கினால் 391428. 4-ஐ மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் 3, 9, 1, 2, 8, மொத்தம் 23. 27-க்கு நாலு குறைகிறது.

சரி, மடங்குதான், ஆனாலும் தப்பியதா? அவர் சொன்னதைக் கூட்டி ஏற்கெனவே 9, 18, 27 என்று முழுசாக வந்ததா பாருங்கள். வந்தால் மறைத்தது பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். கணக்கால் பிரிக்க முடியாது. "பூஜ்ஜியத்தை மறைச்சா ஒண்ணுமில்லாததை மறைச்ச மாதிரி, வேற ஏதாவது எடுங்க" என்று முன்பே சொல்லிவிட்டால் ஒன்பது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அடுத்தது, படிக்கும் விதம். சிலர் "மூணு லட்சத்து தொண்ணூத்தோராயிரத்து..." என்று எண்ணாகவே படிக்கத் தொடங்குவார்கள். லட்சம், ஆயிரம் என்று வரும்போது எந்த இலக்கத்தை விட்டார், எதை இரண்டு முறை சொன்னார் என்பதே தெரியாமல் போய்விடும். தனித்தனி இலக்கமாகக் கேளுங்கள். அதற்கும் முன்னால், மொத்தம் எத்தனை இலக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இலக்கம் என்றவர் நாலு மட்டும் சொல்லி நிறுத்தினால், "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே" என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டே சிலர் மிரண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, திரையில் எண்ணுக்கு நடுவே "E" என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் நின்றுவிடுங்கள். எண் திரையில் அடங்கவில்லை, போன் அதைச் சுருக்கிக் காட்டுகிறது, கடைசி இலக்கங்கள் காணாமல் போய்விட்டன. பழைய ஐஃபோன் கால்குலேட்டரை நிமிர்த்திப் பிடித்தால் 9 இலக்கம்தான் கொள்ளும். அங்கே படுக்கவைத்துப் பார்த்தால் முழு எண்ணும் தெரிய வாய்ப்புண்டு. மற்றபடி, ஆறு அல்லது ஏழு இலக்கம் வந்ததும் பெருக்கலை நிறுத்திவிடுவதே நல்லது.

போன எண் திரும்பி வராமல் புள்ளி வைத்து நீள்கிறது

மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை அடுத்தடுத்து அடிக்க வேண்டும், 385385 என்பது போல. ஒருவர் 7-ஆல், அடுத்தவர் 11-ஆல், மூன்றாமவர் 13-ஆல் வகுத்தால், மீதியே இல்லாமல் 385 திரும்பி வரும். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001, அதனால்தான். கடைசி ஆள் போனை முதல் ஆளிடம் நீட்டும்போது, அவர் மனசில் நினைத்த எண் அங்கே இருக்கும்.

முதல் வகுத்தலிலேயே புள்ளிக்குப் பின் 142857 என்ற வரிசை சுழன்று சுழன்று வந்தால், எண்ணை அடித்ததில்தான் பிழை. 47 நினைத்தவர் 4747 என்று அடித்திருப்பார், 7-ஆல் வகுத்தால் 678.142857 என்று போகும். 047047 என்று அடிக்க வேண்டும். போன் முன் பூஜ்ஜியத்தைத் தின்று 47047 என்று காட்டினாலும் கணக்கு சரியாகவே வரும்.

ஐஃபோனில் ஒளித்து வைத்த விடை வெளியே தெரிகிறது

மேடையில் செய்பவர்கள் பலரும் கையாளும் முறை ஒன்று. இன்றைய தேதி விடையாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், 1508. ஐஃபோனைப் படுக்கவைத்தால் பெரிய கால்குலேட்டர் வரும். அதில் 1508+0×( என்று அடித்துவிட்டு நிமிர்த்திக் கொடுக்கிறோம். திரையில் வெறும் பூஜ்ஜியம். அதன் பிறகு கூட்டம் எதை அடித்தாலும் அது பிராக்கெட்டுக்குள் போய்ப் பூஜ்ஜியத்தால் பெருக்கப்படும். கடைசியில் சமக்குறி அழுத்தினால் 1508.

நாம் அடித்தது அப்படியே வரிசையாகத் திரையில் தெரிகிறது என்றால், அந்தப் போனில் இருப்பது 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 என்ற ஐஃபோன் இயங்குதளம் அல்லது அதற்குப் பிந்தையது. அதிலிருந்து அடிக்கும் கணக்கு முழுவதும் திரையில் நிற்கிறது, பழைய கணக்குகளின் பட்டியலும் இருக்கிறது. அந்தப் போனில் இந்த வழி முடிந்த கதை. வாங்கும்போதே கீழ் இடது மூலையைப் பாருங்கள். அங்கே பூஜ்ஜியம் இரண்டு பொத்தான் அகலத்துக்கு நீண்டு கிடந்தால் பழையது. சின்னக் கால்குலேட்டர் படம் இருந்தால் புதியது. ஆண்ட்ராய்டு போன்களின் கால்குலேட்டர்களும் பொதுவாகக் கணக்கை முழுதாகவே காட்டும், அங்கே முயல வேண்டாம். மூலையைப் பார்த்த அந்த நொடியே வண்டி நம்பருக்கு மாறிவிடுங்கள். எந்த வித்தை வரப்போகிறது என்று நாம் இன்னும் யாரிடமும் சொல்லவில்லையே.

பழைய போன்தான், ஆனால் படுக்கவைத்தாலும் திரை திரும்பவில்லை என்றால், சுழலாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்க அவர் போனுக்குள் நாம் துழாவுவது நன்றாக இராது. விட்டுவிடுங்கள். விடை நடுவிலேயே வந்துவிட்டதென்றால் யாரோ சமக்குறியை முன்னதாக அழுத்தியிருக்கிறார்கள். பிறந்த நாள் வித்தைக்கு நேர் எதிர் இது: அங்கே ஒவ்வொரு படிக்கும் சமக்குறி வேண்டும், இங்கே கடைசி வரை அதைத் தொடவே கூடாது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கூட்டத்தில் செய்யாதீர்கள், நம் வாயே குழறும்.

போன் கைக்கு வந்ததும் அவர் முகம் மாறுகிறது

இதை மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். இன்றைக்குப் போன் என்பது பணப்பை. வங்கிக் கணக்கும், யுபிஐ-யும், வீட்டுப் படங்களும் அதற்குள்தான். அதை அந்நியர் கையில் கொடுத்துவிட்டு ஒருவர் மனசை நமக்குத் திறக்க மாட்டார். அவர் கண் எண்ணில் இருக்காது, நம் விரலில் இருக்கும். பாதித் தப்பான விடைகள் இந்தப் பதற்றத்தில் பிறப்பவைதான்.

அதனால் நான் போனை வாங்குவதையே குறைத்துக்கொண்டேன். பூட்டை அவரே திறக்கட்டும், கால்குலேட்டரை அவரே தேடி எடுக்கட்டும். நான் தொட்டே ஆக வேண்டும் என்றால் திரை அவர் பக்கம் தெரியும்படி, அவர் மார்பு உயரத்தில் பிடிக்கிறேன், மேசைக்குக் கீழே கொண்டுபோவதில்லை. நடுவில் மெசேஜ் ஏதாவது மேலிருந்து இறங்கினால் உடனே போனை அவரிடம் நீட்டிவிடுகிறேன், படித்துவிட்டுத் தரட்டும். போன் பூட்டு எண்ணையோ பணம் அனுப்பும் ரகசிய எண்ணையோ கண்டுபிடித்துச் சொல்லும் வித்தைகளும் உண்டு, கைதட்டலும் அதிகம் கிடைக்கும். நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். நாற்பது பேர் நடுவில் ஒருவருடைய பூட்டு எண்ணை உரக்கச் சொன்ன பிறகு அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க மாட்டார்.

நடுவில் திரை அணைந்துவிட்டால் பதற வேண்டாம். சில போன்கள் 30 விநாடியிலேயே பூட்டிக்கொள்ளும். அவரிடமே கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள், எண் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நாம் நிறையப் பேசினால்தான் இது நடக்கும், ஆகவே கதையை எல்லாம் கணக்குக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுங்கள்.

வித்தை முடிந்து கைதட்டும்போது, கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பையன் மெதுவாக அந்தப் போனை வாங்கிக் கால்குலேட்டரின் பழைய கணக்குப் பட்டியலைத் திறப்பான். ஒவ்வொரு படியும் அங்கே இருக்கும். ஐந்து நிமிஷத்தில் 165-ஐக் கண்டுபிடித்துவிடுவான். அப்படி நடந்தால் நான் தடுப்பதில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டு, அடுத்த வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். மற்றபடி, கைதட்டல் அடங்குவதற்குள் போன்காரரிடம், "அந்தப் பட்டியலை அழிச்சிடுங்க அத்தை, உங்க பிறந்த நாள் அதுல இருக்கு" என்று சொன்னால், அவரே அழித்துவிட்டு, திரையை அணைத்து, போனைக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.